வீடியோ அறைக்குள் இரண்டு பேர்

நாலு சுவரிலும் வீடியோ ஓடும் கலை அறைக்கு நண்பரோடு போகிறீர்களா? வாசலில் ஒட்டியிருக்கும் சின்ன அட்டையை முதலில் படியுங்கள். படைப்பாளர் பெயர், ஆண்டு இவற்றோடு பெரும்பாலும் லூப், அதாவது வீடியோ ஒருமுறை முழுதாக ஓடி மறுபடி தொடங்கும் சுற்று, எத்தனை நிமிடம் என்றும் போட்டிருக்கும். 15 நிமிட லூப் என்றால் 40 நிமிடமாவது ஒதுக்குங்கள். நீங்கள் நுழைவது நடுவிலாகத்தான் இருக்கும்; தொடக்கம் எதுவென்று இரண்டாவது சுற்றில்தான் பிடிபடும். உள்ளே போனதும் கொஞ்ச நேரம் சுவரோரம் நில்லுங்கள். கண் இருட்டுக்கு ஓரளவு பழகவே சில நிமிடங்கள் ஆகும், முழுக்கப் பழக 20 முதல் 30 நிமிடம். தரையில் உட்கார்ந்திருப்பவரின் காலை மிதிப்பது, கண் பழகும் முன்பே நடக்கும் அவசரத்தில்தான்.

பிறகு உட்கார்ந்துவிடுங்கள். சுவிஸ் வீடியோ கலைஞர் பிப்பிலோட்டி ரிஸ்ட் 2008-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் 25 அடி உயரத்துக்கு வீடியோவை ஓடவிட்டபோது, நடுவில் பெரிய வட்ட சோபாவைப் போட்டிருந்தார். நின்றுகொண்டு பார்ப்பவருக்கும் சாய்ந்து கிடப்பவருக்கும் ஒரே படம் வேறாகத் தெரியும். சுற்றிலும் ஸ்பீக்கர் இருந்தால், ஒலி எல்லாப் பக்கமும் சமமாகக் கேட்பதும் நடுவில்தான். படம் முழுக்க ஒரே திசையில் நகரும்போது தலை சுற்றலாம்: நகர்கிறோம் என்கிறது கண், இல்லை என்கிறது அசைவை உணரும் உள்காது. நகராத ஒன்றை, வெளியேறும் வழிக்கான விளக்கை, கொஞ்ச நேரம் பாருங்கள். தலைசுற்றல் நிற்காவிட்டால் வெளியே வந்துவிடுவதே நல்லது.

இருண்ட காட்சி வரும்போது சுவரில் செங்குத்தாக ஒரு சாம்பல் பட்டை தெரிகிறதா பாருங்கள். பக்கத்துப் பக்கத்து ப்ரொஜெக்டர்களின் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் அது. ப்ரொஜெக்டரால் முழுக் கறுப்பைக் காட்ட முடியாது, கொஞ்சம் ஒளி கசியும். அங்கே இரண்டின் கசிவும் சேர்கிறது. நல்ல அமைப்பில் மற்ற இடங்களின் கறுப்பையும் அதே அளவுக்கு லேசாக ஏற்றி அந்தப் பட்டையை மறைத்திருப்பார்கள். அந்த உழைப்பைக் கவனிப்பது தனி இன்பம்.

போட்டோவில் வானவில் கோடுகள் விழுந்தால் கேமராமேல் தப்பில்லை. பல ப்ரொஜெக்டர்கள் நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகின்றன. கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/60 அல்லது 1/50 நொடிக்குக் குறைத்தால் பெரும்பாலும் மறையும். போன் திரையின் வெளிச்சத்தை நுழையும் முன்பே குறைத்துவிடுங்கள்.

முதல் சுற்றில் இருவரும் தள்ளித் தள்ளி உட்காருங்கள், பேச வேண்டாம். இரண்டாவது சுற்றில் இடம் மாறுங்கள். நாலு சுவரையும் ஒருவரால் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. உங்கள் முதுகுக்குப் பின்னால் ஓடியதை நண்பர் பார்த்திருப்பார்.