வெள்ளவத்தை மணலில் கத்தரி

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். பின்வளவில் ஒரு சாண் தோண்டினாலே மணல்தான். மாசி வெயிலில் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் கீழே இறங்கிவிடும். போட்ட உரமும் அதோடு கரைந்து போகும்.

மன்னாரில் தென்னங்கன்றுக்குச் செய்ததையே இங்கு கத்தரிக்கும் செய்யச் சொன்னார் அம்மா. சரி என்று இரண்டடிக் குழி வெட்டினேன். அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டைகள், குழிந்த பக்கம் மேலே பார்க்க. ஊறிய மட்டையைப் பிழிந்தால் தேயிலைச் சாயம் போல வடியும். வேருக்கு அதுதான் சேமிப்பு. மேலே மணலோடு கலந்த மாட்டெரு, அப்புறம் கிளிசரியா (சீமைக்கிளுவை) இலை மூடாக்கு. சூட்டில் எரு சீக்கிரம் உக்கிவிடும், ஒவ்வொரு போகமும் திரும்பப் போடத்தான் வேண்டும்.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் போதும். நேற்று முதல் கத்தரிப்பூ, ஊதா நிறத்தில், மணலைப் பார்த்துக் குனிந்திருந்தது. அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன்.