அந்தக் கட்டத்தில் எதை டிக் செய்வது?

செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையில், எங்கள் கருவை உறைய வைப்பதற்கு முன் ஒரு படிவம் நீட்டினார்கள். உங்களில் ஒருவர் இறந்துவிட்டால் இந்தக் கருக்களை அழித்துவிடலாமா, ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா, மற்றவரிடமே விட்டுவிடலாமா என்று அதில் ஒரு கேள்வி. ஊசி, ஸ்கேன் என்று ஓடிக்கொண்டிருந்த எனக்கு உட்கார்ந்து யோசிக்கத் தெம்பில்லை. என் கணவர் "மனைவியிடம்" என்று டிக் போட்டார், நான் "அழித்துவிடவும்" என்று போட்டேன். எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம்தான் டயான் பிளட் வழக்கைப் படித்தேன். 1995ல் பிரிட்டனில் அவருடைய கணவர் கோமாவில் கிடந்தபோது விந்தணுவை எடுத்து வைத்திருக்கிறார்கள். அவர் இறந்த பிறகு, எழுதிக் கொடுத்த சம்மதம் இல்லையே என்று பயன்படுத்தவிடவில்லை. 1997ல் மேல்முறையீட்டில் வெளிநாடு கொண்டுபோக வழி கிடைத்து, பெல்ஜியத்தில் சிகிச்சை எடுத்து இரண்டு மகன்களைப் பெற்றார். அந்தப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஏறுவதற்கு 2003ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது!

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஆனாலும், "கணவருக்குக் குழந்தை ஆசை இருந்ததே" என்ற வாதம் மட்டும் உறுத்துகிறது, ஏனென்றால் தூக்கிக் கொஞ்சி வளர்க்க ஆசைப்படுவது வேறு, தான் இல்லாத வீட்டில் தன் பிள்ளை பிறக்கட்டும் என்று நினைப்பது வேறு, இரண்டாவதை அவரைத் தவிர யாரும் சொல்ல முடியாது. அதிலும் இறந்தவர் உடலிலிருந்து எடுப்பதென்றால் ஒன்று, ஒன்றரை நாளுக்குள் எடுத்தாக வேண்டும். அழுது முடிக்காத ஒருத்தியிடம் போய்க் கேட்கிற கேள்வியா அது? எடுத்து உறைய வைத்துவிட்டால் வருடக்கணக்கில் காத்திருக்கும், அது சரி. பயன்படுத்தும் முடிவையாவது கொஞ்ச காலம் தள்ளிப்போட வேண்டும்.

அப்பா இல்லாமல் குழந்தை என்ன ஆகும் என்று கேட்பவர்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எத்தனையோ பிள்ளைகள் அப்படித்தான் வளர்கிறார்கள். பேரன் வேண்டும் என்று மகனின் விந்தணுவைக் கேட்டு வரும் பெற்றோர் விஷயத்தில்தான் எனக்குத் தயக்கம்.

சேமிப்பைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, "நீ ஏன் அன்றைக்கு அழிக்கச் சொன்னாய்?" என்று என் கணவர் ஒருவழியாகக் கேட்டார்.

"நான் போன பிறகு அதை யார் வயிற்றில் வைப்பீர்கள்?" என்றேன்.

அவருக்கு அது தோன்றவே இல்லையாம்.