ஜோடிப் படத்துக்கு இருபது நிமிடம்

திருமணப் படம் எடுக்க வந்த புதிதில், வீட்டார் தரும் நிகழ்ச்சி நிரலை அப்படியே வாங்கிப் பையில் வைத்துக்கொள்வேன். அலங்காரம், சடங்கு, குடும்பப் படங்கள், விருந்து எல்லாவற்றுக்கும் நேரம் போட்டிருக்கும். ஜோடிப் படத்துக்கு மட்டும் இருக்காது. "நடுவுல எப்பவாவது எடுத்துக்கலாம்" என்பார்கள். நானும் சரி என்பேன்.

அந்த 'நடுவுல' வரவே வராது. ஒரு திருமணத்தில் அலங்காரம் முடியவே 40 நிமிடம் தாமதம். சடங்கைத் தள்ள முடியாது, விருந்தையும் தள்ள முடியாது. குடும்பப் படத்துக்கு எல்லோரும் வரிசையில் நின்ற பிறகு பெரியப்பாவைக் காணோம், அவரைத் தேடுவதில் கால் மணி நேரம் போனது. கடைசியில் மணமக்களை வெளியே அழைத்துப் போனபோது வெளிச்சம் அடங்கிவிட்டது. ஃபிளாஷ் போட்டு ஐந்தே நிமிடத்தில் எடுத்தேன். சில வாரம் கழித்து ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வந்த அந்தப் பெண், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நாங்க ரெண்டு பேர் மட்டும் இருக்கிறது வேற இல்லையாண்ணா?" என்று கேட்டாள். இருந்த சில படங்களிலும் அவள் பார்வை ஓரமாக, யாரோ கூப்பிடும் பக்கம் போயிருந்தது. குறை அவர்களுடையது அல்ல. நேரம் கேட்டு வாங்காதது நான்.

இப்போது நிரல் போடும்போதே கூட உட்கார்ந்துவிடுகிறேன். முதலில் பார்ப்பது சூரியன் மறையும் நேரம். நாளும் இடமும் தெரிந்தால் அதை மாதக்கணக்கில் முன்பே தெரிந்துகொள்ளலாம். உச்சி வெயிலில் கண்குழிகள் கறுத்துப்போகும், மூக்கும் நெற்றியும் பளபளக்கும். சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 6 பாகைக்கு இறங்கிய பிறகு ஒளி காற்றில் நீண்ட தூரம் கடந்து வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிவிட, முகத்தில் விழுவது இதமான மஞ்சள். நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் சூரியன் கிட்டத்தட்ட நேராக இறங்குவதால் இந்த வெளிச்சம் அரை மணிகூட நிற்காது. துருவப் பக்கம் போகப் போக நீளும். அந்த நேரத்தில் விருந்தினர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நல்லது, மணமக்களை யாரும் தேட மாட்டார்கள்.

குடும்பப் படத்தைத்தான் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரு குழுவுக்கு மூன்று நிமிடம் என்றாலும் பத்துக் குழுவுக்கு அரை மணி. அதனால் யார் யாரோடு நிற்க வேண்டும் என்று முன்பே எழுதி வாங்கிவிடுவேன். முதியவர்களையும் குழந்தைகளையும் முதலில் எடுத்து அனுப்பிவிடுவேன். பெயரும் முகமும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று ஆட்களைக் கூப்பிட வேண்டும். அது என்னால் ஆகாத வேலை.

கேமராக்கள் பெரிதாகவும் கனமாகவும் இருந்த காலத்தில், படம் வேண்டுமென்றால் கல்யாண உடையோடு ஸ்டுடியோவுக்குத்தான் போக வேண்டும். போகிற வழி, காத்திருப்பு, விளக்கு சரிசெய்யும் நேரம் எல்லாம் அந்த இருவருக்கே சொந்தம். கேமரா கைக்கு அடக்கமாகி மண்டபத்துக்குள்ளேயே வந்ததும் அந்தத் தனி நேரம் போய்விட்டது. அதைத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கிடைக்கிற இருபது நிமிடத்தில் முதல் ஐந்தில் நான் பெரும்பாலும் எடுப்பதே இல்லை. தள்ளி நின்றே முகத்தை நெருக்கமாக எடுக்க உதவும் 85 மி.மீ. லென்ஸைப் போட்டுக்கொண்டு தள்ளி நிற்பேன். இருவரும் நடக்கத் தொடங்குவார்கள். காலையிலிருந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும், தோள் இறங்கும். அப்புறம் ஒருவர் மற்றவரிடம் "சாப்பிட்டியா?" என்பார். எத்தனையோ ஜோடிகள் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு இருவரும் பேசிக்கொள்ளும் முதல் சொந்த வார்த்தை பல நேரம் அதுதான். அதற்குப் பிறகு எப்படி நிற்க வேண்டும் என்று நான் சொல்லித்தரத் தேவையே இருக்காது.

"ஆட்கள் காத்திருக்காங்களே" என்று பெரியவர்கள் தயங்குவது நியாயம். அதனால் பல வாரம் முன்பே அவர்களிடம் பேசிவிடுவேன். அன்றைக்குப் போய்ச் சொன்னால் அது கெஞ்சலாகத்தான் முடியும்.

போன மாதம் ஒரு திருமணத்தன்று மழை. வெளியே போக வழியில்லை. மாடிப்படி வளைவில் பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது, மேகத்தில் வடிகட்டி வந்த மெல்லிய வெளிச்சம். மணப்பெண் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். அவன் ஒரு படி கீழே உட்கார்ந்து அவள் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டான். இருவரும் பேசவில்லை. நான் நாலைந்து முறைதான் அழுத்தினேன். கதவு தட்டப்பட்டது. அவளுடைய அக்கா எட்டிப் பார்த்து, "எல்லாரும் தேடறாங்க" என்றார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். "இன்னும் நாலு நிமிஷம் இருக்கும்மா."

அவர் உள்ளே ஒரு தரம் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டார்.