லோனிலிருந்து அவர் பெயரை எடுக்கப் பதினான்கு மாதம்

"வீடு உனக்கும் பிள்ளைகளுக்கும்தான், எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று என் கணவர் சொன்ன அன்று, வீட்டு விஷயம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். பினாங்கு லைட் ஸ்த்ரீட் உயர்நீதிமன்றத்தில் 2022 மார்ச்சில், மணவிலக்குக் கேட்டு இருவரும் சேர்ந்து போட்ட கூட்டு மனு விசாரணைக்கு வந்தது. வீட்டில் அவருடைய பாதிப் பங்கு எனக்கு என்று உத்தரவில் தெளிவாக எழுதியிருந்தது. மூன்று மாதம் கழித்து மணவிலக்கும் இறுதியானது. சண்டை சச்சரவு எதுவும் இல்லை.

அந்த உத்தரவை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகப் படித்துவிட்டு, "இது உங்கள் இருவருக்கும் இடையில்தான் அக்கா. லோன் ஒப்பந்தம் எங்களோடு போட்டது" என்றார். வீட்டு கிராண்டில், அதாவது உரிமைப் பத்திரத்தில், யார் பெயர் என்பது ஒன்று, கடனில் யார் பெயர் என்பது வேறு. இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடனில் பாதி உனக்கு, பாதி எனக்கு என்பது கிடையாது. முழுக் கடனுக்கும் இருவருமே பொறுப்பு. ஒருவரை விடுவிக்க வேண்டுமானால், மற்றவர் தனியாகக் கட்ட முடியும் என்று காட்டியாக வேண்டும்.

என்னால் காட்ட முடியவில்லை. பினாங்கின் ரெலாவ் வட்டாரத்தில் இருக்கும் இந்த அபார்ட்மெண்டை 2011இல் 230,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கடனில் வாங்கினோம். பாக்கி ஏறக்குறைய 172,000. மாதம் 1,140 கட்டுகிறோம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என் சம்பளம் பிடித்தம் போக 3,150. வீடு, கார், கிரெடிட் கார்டு எல்லாம் சேர்த்தால் 1,820 வந்தது. சம்பளத்தில் 58 விழுக்காடு கடனுக்கே போகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். போதாததற்கு, பிரிந்த புதிதில் யார் கட்டுவது என்ற குழப்பத்தில் விட்டுப்போன தவணைகளும் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் என்ற கடன் விவர அறிக்கையில் நின்றன.

அன்று கொம்தார் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து அழுதேன். விற்றுவிடு என்று அண்ணன் சொன்னார். பிள்ளைகள் இருவரும் பக்கத்துப் பள்ளியில் படிக்கிறார்கள், மேல் மாடியில் அம்மா வாடகைக்கு இருக்கிறார். எங்கே போவது?

அப்புறம் ஏ.கே.பி.கே.க்குப் போனேன். கடன் ஆலோசனைக்காக பேங்க் நெகாரா தொடங்கிய அமைப்பு அது. காசு வாங்குவதில்லை. வெட்கப்பட்டுக்கொண்டுதான் போனேன், ஆனால் என்னை அங்கே யாரும் குறைவாகப் பார்க்கவில்லை. ஆலோசகர் என் கணக்கை ஒரு தாளில் எழுதி, எதை முதலில் அடைக்க வேண்டும் என்று காட்டினார். சிசிஆர்ஐஎஸ் அறிக்கையில் கடைசி 12 மாதத் தவணைதான் தெரியும். ஆகவே கடைசியாகத் தவறிய தவணையிலிருந்து ஒரு வருடம் ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டினால் பழைய கறை மறைந்துவிடும் என்று விளக்கினார்.

அப்படியே செய்தேன். கார் கடனில் மிச்சம் 7,300 இருந்தது. கல்யாணத்துக்கு அம்மா போட்ட நான்கு வளையல்களை விற்று அடைத்தேன். அம்மாவிடம் சொல்லத் தயங்கினேன், அவரோ "வளையல் கையிலா இருக்கிறது, பெட்டியில்தானே கிடக்கிறது" என்றார். ஊழியர் சேமநிதியில் அப்போது இருந்த இரண்டாம் கணக்கிலிருந்து 22,000 எடுத்து வீட்டுக் கடனில் போட்டேன். வீட்டுக் கடனைக் குறைக்க அதிலிருந்து எடுக்கலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

பாக்கி 150,000 ஆனதும் வேறொரு பேங்கில் என் பெயரில் மட்டும் புதுக் கடனுக்கு மனுச் செய்தேன். எனக்கு வயது 44. எழுபது வயதுக்குள் முடிய வேண்டும் என்பதால் 25 வருடம் கொடுத்தார்கள். மாதம் 830 சொச்சம்.

லோன் கிடைத்த பிறகு அவர் கையெழுத்துக்காக இரண்டு மாதம் காத்திருந்தேன். போனை எடுக்கவே மாட்டார். எங்கள் உத்தரவில் ஒரு வரி இருந்தது: அவர் பெயர் மாற்றப் பாரத்தில் கையெழுத்திடாவிட்டால் நீதிமன்றப் பதிவாளர் அவருக்குப் பதிலாகக் கையெழுத்திடலாம். இவ்வளவு நல்ல மனிதருக்கு இது எதற்கு என்று அன்று வக்கீலிடம் கேட்டிருந்தேன். அந்த வரியைக் குறிப்பிட்டு வக்கீல் கடிதம் போட்டதும் அவர் அடுத்த வாரமே வந்து கையெழுத்துப் போட்டார். கூட்டு மனு எழுதும்போது அந்த வரியைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். கூடவே எந்தத் தேதிக்குள் என்றும் போடச் சொல்லுங்கள். எங்களுடையதில் தேதி இல்லை.

இன்னொன்று இன்னும் மனதை அறுக்கிறது. கணவன் மனைவியாக இருக்கும்போது, பணம் வாங்காமல் அன்பின் பேரில் ஒருவர் மற்றவருக்கு வீட்டை மாற்றினால் முத்திரை வரி விலக்கு உண்டு. மணவிலக்கு இறுதியான பிறகு நாங்கள் கணவன் மனைவி இல்லையே. வீட்டின் மதிப்பு 320,000, பாதிப் பங்கு 160,000. முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, மீதிக்கு 2 விழுக்காடு. 2,200 வெள்ளி கட்டினேன். முதலில் பேங்கில் பேசி, என்னால் எவ்வளவு கடன் வாங்க முடியும் என்று தெரிந்துகொண்டு, மணவிலக்கு இறுதியாவதற்கு முன்பே பெயரை மாற்றிவிட்டிருந்தால், அந்தப் பணம் பெரியவளின் டியூஷனுக்கு ஆகியிருக்கும்.

2023 மே மாதம் வக்கீல் அலுவலகத்தில் கிராண்டின் நகலைக் காட்டினார்கள். என் பெயர் மட்டும். அதே வாரம் சேமநிதி அலுவலகத்துக்கும் போனேன், வாரிசுதாரர் இடத்தில் இன்னமும் அவர் பெயரே இருந்தது. அதை எடுத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளின் பெயரையும் பாதிப் பாதியாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.