நியாய விலைக் கடையிலும் மணமகள் தேவை விளம்பரத்திலும் ஒரே ‘ஃபேர்’

ரேஷன் கடையின் ஆங்கிலப் பெயரில் ‘ஃபேர் பிரைஸ்’ என்று இருப்பதைத் தமிழில் நியாய விலை என்கிறோம். ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் மணமகள் தேவை விளம்பரத்திலும் அதே ‘ஃபேர்’ வருகிறது. அங்கே அதற்குச் சிவந்த நிறம் என்று பொருள். அலுவலக மதிப்பீட்டுப் படிவத்தில் மேலதிகாரி ‘ஃபேர்’ என்று குறித்திருந்தால், ‘குட்’ என்பதற்கு ஒரு படி கீழே வைக்கப்பட்டிருக்கிறோம் என்று புரிந்துகொள்ள வேண்டும். நியாயம், நிறம், சுமார் ஆகிய மூன்றையும் ஆங்கிலம் எப்படி ஒரே பெயரடைக்குள் அடைத்து வைத்திருக்கிறது என்பது, ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்கிப் பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அன்றாடக் கேள்வி.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு அழகிய, காண்பதற்கு இனிய என்பதே பொருள். பிற்காலப் பொருள்கள் எல்லாம் அந்த அழகிலிருந்து நேராகப் பிறந்தவை என்பதைவிட, அழகின் ஒரு கூறாகிய மாசின்மையிலிருந்து கிளைத்தவை என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மழையும் புயலும் இல்லாத வானிலையை ‘ஃபேர்’ என்பதும், பழைய காற்றழுத்தமானிகளின் முகப்பில் மழை, மாற்றம் ஆகிய சொற்களுக்கு அடுத்து ‘ஃபேர்’ என்று பொறித்திருப்பதும் இந்தப் பொருளில்தான். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய பிரதி ‘ஃபேர் காப்பி’. பள்ளியில் ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு என்று இரண்டு வைத்திருந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. படகு கட்டுவோர், மேடுபள்ளம் இன்றி ஓடும் பலகை வளைவை ‘ஃபேர்’ என்பார்கள். அப்படி வழவழப்பாக்கும் வேலையைக் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்துதான், வேகமாகச் செல்லும் மோட்டார் சைக்கிளின் முன்புறத்தில் காற்றை விலக்கப் பொருத்தும் ‘ஃபேரிங்’ வந்தது.

நடத்தையில் மாசு இல்லையென்றால் அது நேர்மை. கிரிக்கெட் விதித்தொகுப்பின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் 42ஆவது விதிக்கு ‘ஃபேர் அண்ட் அன்ஃபேர் பிளே’ என்றே தலைப்பு. ஆனால் சட்டத்துக்குள் நுழைந்ததும் இச்சொல் துறைக்கொரு கணக்கைப் பேசத் தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ‘ஃபேர் ரென்ட்’, அதாவது நியாய வாடகை, யாருடைய மனச்சாட்சியையும் சார்ந்ததன்று: கட்டடத்தின் மொத்த மதிப்பில், குடியிருப்பானால் ஆண்டுக்கு 9 விழுக்காடு, மற்றவற்றுக்கு 12 விழுக்காடு என்று வாய்பாடு வைத்து அதை நிர்ணயித்தார்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அந்த வாய்பாட்டை விட்டுவிட்டு, இருதரப்பும் ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொள்வதே வாடகை என்றது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவில் வரும் ‘ஃபேர் டீலிங்’ என்பதோ, திறனாய்வு, சொந்தப் படிப்பு போன்றவற்றுக்காக அனுமதியின்றியே எடுத்தாளக்கூடிய அளவைக் குறிக்கிறது.

இவற்றுள் எனக்கு அதிகம் தொல்லை கொடுப்பது, நிறுவனங்களின் நிதிநிலை அறிக்கை ‘ட்ரூ அண்ட் ஃபேர்’ சித்திரத்தைத் தர வேண்டும் என்னும் 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் வாசகம். ‘உண்மையும் நியாயமுமான’ என்று எழுதிவிடுவது எளிது. பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் நிறுவனம் தொழிலாளிக்கு நியாயம் செய்ததா, வாடிக்கையாளரை வஞ்சித்ததா என்பதைத் தணிக்கையாளர் அந்தச் சொல்லால் சான்றளிப்பதில்லை. எண்கள் ஒவ்வொன்றும் சரியாக இருந்தும், அவற்றை அடுக்கியிருக்கும் விதத்தில் படிப்பவர் ஏமாறக்கூடும். அப்படி ஏமாற்றாத தோற்றமே இங்கு ‘ஃபேர்’. வழக்கிலுள்ள சொல்லை மாற்றினால் வாடிக்கையாளர் ஒப்பமாட்டார் என்பதால் நானும் ‘நியாயமான’ என்றே விட்டுவிடுகிறேன்; மனத்துக்குள் ‘திரிபற்ற’ என்று படித்துக்கொள்கிறேன்.

வெளிறிய நிறம் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் தெளிவாகவே தென்படுகிறது. 1609இல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் சானெட்டுகள் என்னும் பதினான்கடிப் பாடல்களில் 127ஆவது, பழங்காலத்தில் கருமையை யாரும் ‘ஃபேர்’ என்று கருதவில்லை என்று தொடங்கி, அழகு என்ற பொருளையும் வெண்மை என்ற பொருளையும் ஒன்றோடொன்று மோதவிட்டு விளையாடுகிறது. பிரிட்டனில் இன்று ஒருவரை ‘ஃபேர்’ என்றால் பெரும்பாலும் பொன்னிற முடியும் வெயிலுக்குச் சட்டென்று கன்றிப்போகும் தோலும் கொண்டவர் என்றாகும். ஆங்கிலக் கதைகளில் வரும் அத்தகைய பெண்களைத் தமிழாக்கத்தில் ‘சிவந்த பெண்’ ஆக்குவது, முடியைப் பற்றிய தகவலைத் தொலைத்துவிட்டு நம்மூர்ப் படிநிலையைக் கொண்டுபோய் அங்கே வைப்பதாகும். இந்திய ஆங்கிலத்தில் இச்சொல் பக்கத்து வீட்டுக்காரரைவிட எத்தனை சாயல் வெளுப்பு என்ற ஒப்பீடாகவே நிற்கிறது. 1975இல் சந்தைக்கு வந்த முகப்பூச்சு ஒன்று இச்சொல்லைப் பெயரிலேயே தாங்கிப் பல பத்தாண்டுகள் விற்று, 2020இல் ‘குளோ’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. விளம்பரங்களில் உள்ள மணமகள்கள் மாறவில்லை.

இதில் ஆங்கிலத்தை மட்டும் குறைசொல்ல நமக்குத் தகுதியில்லை. செம்மை என்பது சிவப்பு, நேர்மை, திருத்தம் என மூன்றையும் ஒருசேரக் குறிக்கிறது. செங்கோல் நீதி தவறாத ஆட்சி, செம்பதிப்பு பிழை களைந்த பதிப்பு, ‘நல்ல செவப்பு’ என்பது பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் முதலில் சொல்லும் சேதி. நியாயத்தையும் பிழையற்ற பிரதியையும் விரும்பப்படும் தோல் நிறத்தையும் ஒரே அடிச்சொல்லில் முடிந்துவைத்த வகையில் இரண்டு மொழிகளும் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல.

சுமார் என்ற பொருள், பாராட்டு நீர்த்துப்போய் உண்டானது. குறையில்லை என்பதில் தொடங்கி, பெரிய குறையில்லை, ஏதோ பரவாயில்லை என்று இறங்கிவந்திருக்கிறது. ஆங்கிலத்தில் நடக்கும் உடல்நலக் கணக்கெடுப்புகளில் ‘எக்ஸலன்ட்’ தொடங்கி ‘புவர்’ வரை ஐந்து படிகள் இருந்தால், ‘ஃபேர்’ கடைசிக்கு முந்தியது. தமிழ் வினாத்தாளில் அதை ‘நன்று’ என்று எழுதினால் விடைகளே தடம்மாறும். ஆனால் ‘எ ஃபேர் அமவுண்ட்’ என்றால் சுமாரான தொகை அல்ல, கணிசமான தொகை. அங்கே சொல் மறுபடியும் மேலேறிவிடுகிறது. ‘ஃபேர்லி’ என்ற வினையடை ஒரு வாக்கியத்தில் நடுநிலையோடு என்றும், அடுத்ததில் ஓரளவு என்றும் நிற்கும். திருவிழாச் சந்தையைக் குறிக்கும் ‘ஃபேர்’ லத்தீனிலிருந்து வந்த வேறு சொல். பேருந்துக் கட்டணத்தின் ‘ஃபேர்’ எழுத்திலேயே வேறு.

உரையாடலில் வரும் ‘ஃபேர் இனஃப்’ என்பதற்குத் தமிழில் நிலையான ஈடு வைத்துக்கொள்ள முடியாது. எதிராளியின் வாதத்தை முழுமனத்தோடு ஒப்பாமல், மறுக்கவும் இடமில்லாதபோது ஆங்கிலேயர் அதைச் சொல்கிறார். பேசுபவர் நண்பரானால் ‘அதுவும் சரிதான்’ என்றும், சலித்துப்போனவரானால் ‘சரி, இருக்கட்டும்’ என்றும், பேரம் பேசி ஓய்ந்தவரானால் ‘கட்டுப்படியாகும்’ என்றும் எழுதுகிறேன்.