தம்பிய மதுரைல அட்மிட் பண்ணி கூட இருந்த 21 நாள்

காரைக்குடில இருந்து நான், தம்பி, அப்பச்சி மூணு பேரும் விடியக்காலைலயே கெளம்பிட்டோம் (நாங்க அப்பாவ அப்பச்சின்னுதான் கூப்பிடுவோம்). மும்பைக்கு வேலைக்குப் போன எடத்துல தம்பி பவுடர் (ஹெராயின்) பழகிட்டான், ஒன்றரை வருசம், அத விட வைக்கத்தான் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனோம். வளவு வீட்டுல இன்னும் நாலு குடும்பம் இருக்கு, அதனால பிள்ளையார்பட்டிக்குப் போறோம்னு சொல்லிட்டுத்தான் போனோம்.

டாக்டர் கேட்ட மொத கேள்வி, கடைசியா எப்ப எடுத்தன்னு. முந்தாநேத்துன்னான். அவரு டார்ச் அடிச்சு கண்ணப் பாத்தாரு, கருமணி கடுகு மாதிரி சுருங்கிக் கெடந்துச்சு, ஹெராயின் இன்னும் உடம்புல இருக்குன்னு அதுலயே தெரிஞ்சுரும், உடனே எங்க ரெண்டு பேரையும் வெளிய போகச் சொல்லிட்டாரு. அப்பச்சிய வச்சுக்கிட்டு அவன் எப்படி உண்மைய சொல்லுவான்? கெளம்புறதுக்கு முன்னாடி பாத்ரூம்ல எடுத்திருக்கான். தயவுசெஞ்சு சொல்றேன், யாரையாவது கூட்டிட்டுப் போனா அந்தக் கேள்விக்கு நீங்களே எந்திரிச்சு வெளிய போயிருங்க.

ஏன்னா ஹெராயின விட வைக்கக் குடுக்குறது பியூப்ரினார்ஃபின்னு ஒரு மாத்திரை, உடம்புல ஹெராயின் இருக்கும்போதே குடுத்தா அதத் தள்ளிவிட்டுட்டு அந்த எடத்துல இது உக்காந்துக்கும், வித்ட்ராயல் (போதை இல்லாமப் போறப்ப உடம்பு படுற வேதனை) மொத்தமா ஒரே நேரத்துல வந்து ஆள் துடிச்சுப் போயிருவான். அதனால வித்ட்ராயல் தானா ஆரம்பிக்கிற வரைக்கும் காத்திருந்தோம். சாயங்காலம் கொட்டாவி மேல கொட்டாவி, மூக்கு ஒழுகுது, மே மாச வெக்கைல கை மயிரெல்லாம் குத்திட்டு நிக்குது. அப்பறம்தான் மாத்திரை. முழுங்கக் கூடாது, நாக்குக்கு அடில வச்சு கரையவிடணும், சிஸ்டர் நாக்கத் தூக்கச் சொல்லி பாத்துட்டுத்தான் நகருவாங்க.

மருந்து குடுத்தும் ரெண்டாவது மூணாவது நாள் கால் குடைச்சல் தாங்கல, "அண்ணே வீட்டுக்குப் போயிருவோம்ணே"ன்னு அழுதான். அவனே கையெழுத்துப் போட்டு சேந்தவன், 2017 மனநலச் சட்டப்படி போறேன்னு சொன்னா ரொம்ப நாள் நிறுத்தி வைக்க முடியாது. ராத்திரி பூரா கால அமுக்கி விட்டுக்கிட்டே கெஞ்சுனேன்.

ஏழாம் நாள் அவனா கேட்டு நாலு இட்லி சாப்புட்டான். ஆத்தா போன்ல "அதான் தெளிஞ்சுட்டான்ல, கூட்டிட்டு வந்துருப்பா"ங்குது. டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு, இப்ப மாத்திரைய விட்டுட்டு வெளிய போயி பழைய அளவ எடுத்தான்னா உடம்பு தாங்காது, மூச்சே நின்னுரும்னு. மீதி ரெண்டு வாரம் கவுன்சிலிங், தூக்கம், மனச்சோர்வுக்குத் தனியா மருந்து. மும்பைல தனியா இருந்தத அங்கதான் மொதத் தடவையா வாயத் தெறந்து பேசுனான்.

அஞ்சு மாசமாச்சு, மாத்திரை ஓடிக்கிட்டுதான் இருக்கு, எப்ப நிறுத்துறதுன்னு டாக்டர்தான் சொல்லணும். காலைல திண்ணைல அவன் நாக்குக்கு அடில மாத்திரைய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான், அது கரையிற வரைக்கும் பேசக் கூடாதில்ல, அப்பச்சியும் பக்கத்துல பேசாம உக்காந்திருப்பாரு.