தெரியலை சார்

2005 டிசம்பர் முதல் வாரம். ஜிப்ரால்டர் தாண்டி அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பல்க் கேரியரில், அதாவது மொத்தச் சரக்குக் கப்பலில், நான் செகண்ட் மேட், இரண்டாம் துணை அதிகாரி. பன்னிரண்டு–நாலு வாட்ச், அதாவது பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை காவல் பணி. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இன்மார்சாட் என்ற செயற்கைக்கோள் தொடர்பின் பிரிண்டர் மியாமி சூறாவளி மையத்தின் அறிக்கையைக் கரகரவென்று துப்பும். அதைக் கிழித்தெடுத்து, எப்சிலான் என்ற புயல் நிற்கும் இடத்தைச் சார்ட்டில், அதாவது கடல் வரைபடத்தில், பென்சிலால் குறிப்பது என் வேலை.

அந்த வருஷம் புயல்களுக்கு வைக்கப் பட்டியலில் இருந்த 21 பெயரும் தீர்ந்து, கிரேக்க எழுத்துகளுக்கு வந்திருந்தார்கள். கத்ரீனா, ரீட்டா, வில்மா எல்லாம் ஆடி முடித்தபின், நவம்பர் 29 அன்று நடு அட்லாண்டிக்கில் பிறந்த இதை யார் சட்டை செய்வார்கள்? சூறாவளிக்குக் கடல் நீர் 26 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கவேண்டும் என்று படித்தவன் நான். அங்கே கடல் அதைவிடக் குளிர்ச்சி. "இன்னைக்கு ராத்திரி செத்துடும் சார்" என்றேன் கேப்டனிடம். அறிக்கையும், சீக்கிரமே வலுவிழக்கும் என்றுதான் சொன்னது.

டிசம்பர் 2 அன்று அது முழுச் சூறாவளியானது.

அப்புறம் தினமும் ஒரு காரணம் சொன்னேன். குளிர்ந்த நீர், உயரத்தில் வீசும் மேல்காற்று, வறண்ட காற்று. அறிக்கையில் இல்லாததையும் நானே சேர்த்தேன். மேலதிகாரி முன்னால் சும்மா நிற்கக் கூச்சம். முன்கணிப்புப் பாதையை அழித்து அழித்து வரைந்ததில் சார்ட் அந்த இடத்தில் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது.

5ஆம் தேதி காற்று மணிக்கு 140 கிலோமீட்டர். கேப்டன் தூத்துக்குடிக்காரர். டீ கோப்பையோடு வந்து சார்ட்டைப் பார்த்தார். "ஏம்பா இது இன்னும் அடங்கலை?"

"தெரியலை சார்."

"சரி, அப்போ இன்னும் அறுபது மைல் தெற்கே இறக்கு."

லீவில் ஊருக்கு வந்தபிறகுதான் மியாமி மையத்தின் விளக்கக் குறிப்புகளைத் தேடிப் படித்தேன். எப்சிலான் வலுப்பெற்றதற்குத் தெளிவான காரணம் எதுவும் இல்லை, நான் ஒன்றைக் கற்பித்துச் சொல்லப்போவதும் இல்லை என்று அந்த மையத்தின் முன்கணிப்பாளர் லிக்சியன் ஆவிலா எழுதியிருந்தார். அத்தனை வருஷ அனுபவம் உள்ள மனிதர்!

ஐந்து நாள் சூறாவளியாகவே நின்று, டிசம்பர் 7க்குப் பிறகுதான் எப்சிலான் ஓய்ந்தது. அதுவும் தெற்கே, நீர் கொஞ்சம் சூடான பக்கம் திரும்பிய பிறகு, மேல்காற்று அதைப் பிய்த்துப் போட்டது. அதற்குள் நாங்கள் வெகுதூரம் மேற்கே போயிருந்தோம்.